எழுத்தை விரலுக்குத் தந்த அம்மையார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி ஒருவர் எழுதியது)

புதிய நிலப்பரப்பைக் கண்டறிந்தவருக்கு வரலாறு இடம் தருகிறது. புதிய விண்மீனைக் கண்டறிந்தவருக்கும் இடம் தருகிறது. ஒரு சின்னஞ்சிறு குழந்தை எழுத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பொறுமையோடு உட்கார்ந்து பார்த்தவருக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு என்று நான் கருதுகிறேன். அப்படிப் பார்த்தவர்களுள் தலையாயவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அவர் பெயரை அறியாதவர் நம்மில் எவரும் இல்லை. ஊருக்கு ஊர் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அப்பெயரைக் காண்கிறோம். ஆனால் அவர் ஒரு மருத்துவர் என்பதும், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் பணியைத் தொடங்கினார் என்பதும், நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பெயர்ப்பலகை தெரிந்த அளவுக்கு மனிதர் தெரியவில்லை. ஆகவே, நம் கல்லூரி ஆண்டு மலரில் அவர் வாழ்க்கையை எழுத விழைந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தின் அருமை எழுத்தில்லாத வீட்டில் பிறந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டில், ஆங்கோனா மாகாணத்தில், கியாராவாலே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெஸாண்ட்ரோ அரசாங்க அலுவலர். தாயார் ரெனில்டே நூல்களில் நாட்டம் மிகுந்தவர். மரியாவின் ஐந்தாம் வயதில் குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்துப் பெண்கள் கற்றால் ஆசிரியை ஆவதற்கே கற்றனர். மரியாவோ தமது பதின்மூன்றாம் வயதில் ஆண்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியல் படிப்பதே அவர் விருப்பமாக இருந்தது. 1890இல், தமது இருபதாம் வயதில், இயற்பியலும் கணிதமும் அடங்கிய பிரிவில் தேறி வெளியே வந்தார். நானும் இருபது வயதில் இயற்பியல் படிக்கிறேன். இந்த வரியைப் படித்தபோது எனக்குள் சிறு மகிழ்ச்சி எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

அதன்பின் அவர் மனம் மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தைக்கு அது உடன்பாடில்லை. தாய் மகள் பக்கம் நின்றார். மருத்துவப் பேராசிரியரோ ஊக்கம் தரவில்லை. மரியா சளைக்கவில்லை. ரோம் பல்கலைக்கழகத்தில் முதலில் இயற்கை அறிவியல் பயின்று, அதன் வழியாக 1893இல் மருத்துவப் படிப்பில் நுழைந்தார். உடற்கூறு ஆய்வை ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் செய்யலாகாது என்றனர். ஆகவே, மற்றவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, பிணவறையில் தன்னந்தனியாக நின்று அறுத்துப் பார்த்துக் கற்றார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி வேண்டும் என்று பேசினார்.

ஒதுக்கப்பட்ட குழந்தைகள்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. அதன் பொருட்டு மனநோயாளர் விடுதிகளுக்கு அடிக்கடி செல்வார். மனவளர்ச்சி குன்றியவை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளையும் அங்கே பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தனர். கையில் எடுத்துப் பார்க்க, தொட்டு விளையாட, அந்த அறைகளில் ஒரு பொருளும் இல்லை. இக்குழந்தைகளுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

இதற்கு முன்னோடிகள் யாரேனும் உண்டா என்று தேடினார். பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இருவரின் நூல்கள் கிடைத்தன. ஒருவர், காட்டில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கல்வி புகட்ட முயன்ற இத்தார். மற்றவர் அவருடைய மாணவர் செகான். தொடுதல், பார்த்தல், கேட்டல் ஆகிய புலன்களின் வழியே அறிவை எட்டலாம் என்பது அவர்கள் கண்ட வழி. அந்நூல்களை மரியா தம் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். எழுதினால்தான் ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்துப் படிக்க முடியும் என்பது அவர் எண்ணம்.

1900இல் ரோம் நகரில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் இருவரில் மரியா ஒருவர். பகல் முழுவதும் குழந்தைகளோடு இருப்பார். இரவில் குறிப்பெழுதுவார். அவரிடம் பயின்ற சில குழந்தைகள், மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வை எழுதித் தேறினர். ஊரே வியந்தது. மரியாவுக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. குறையுடையவை என்று தள்ளப்பட்ட குழந்தைகளே இவ்வளவு தூரம் வர முடியுமானால், குறையில்லாத குழந்தைகள் ஏன் இதற்குமேல் போகவில்லை? அவர்களை எது தடுத்து வைத்திருக்கிறது? இக்கேள்விக்கு விடை காண்பதே அவர் வாழ்க்கையாயிற்று.

இங்கே ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். உடன் பணியாற்றிய மருத்துவர் மோன்டெஸானோவுக்கும் அவருக்கும் 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். அவர்கள் மணம் புரிந்துகொள்ளவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அவர் பணியும் படிப்பும் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. தாயார் ரெனில்டே 1912இல் மறைந்த பிறகே மரியா தம் மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் வீடு அமைத்துத் தந்தவர், தம் குழந்தையின் மழலையை எட்ட நின்றே கேட்க நேர்ந்தது. அன்றைய சமூகம் ஒரு பெண்ணிடம் கேட்ட விலை அது.

சான் லோரென்ஸோ குடியிருப்பு

ரோம் நகரில் சான் லோரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த அடுக்குமாடி வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தது. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நிறுவனத்தார் குழந்தைகளை ஓர் அறையில் கூட்டி வைக்க முடிவு செய்தனர். அதற்குப் பொறுப்பேற்க மரியாவை அழைத்தனர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அந்த அறை திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்று அதற்குப் பெயரிட்டனர்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் வந்தனர். அனைவரும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். முதலில் அழுதனர்; அஞ்சினர். பயிற்சி பெற்ற ஆசிரியை யாரும் இல்லை. ஒரு சாதாரணப் பெண்மணியே துணைக்கு இருந்தார். மரியா வடிவங்களும் உருளைகளும் பொத்தான் பூட்டும் சட்டங்களும் கொண்டுவந்து வைத்தார். குழந்தைகள் எதை எடுக்கின்றனர், எதை விடுகின்றனர், எதைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர் என்று கவனித்தார். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதுபோலத்தான். முதலில் பார்ப்பது, பிறகு பதிவது, அதற்கும் பிறகே முடிவு கூறுவது. பெரியவர்கள் காட்டும் பொம்மையைவிடத் தாமே கையால் செய்யும் வேலையில் குழந்தைகள் ஆழ்ந்துபோவதை அவர் கண்டார். இடையில் எவரும் குறுக்கிடாதிருந்தால், மூன்று வயதுக் குழந்தைகூட நெடுநேரம் ஒரே பணியில் ஒன்றி நிற்கும் என்பதையும் கண்டார்.

தாய்மார் கேட்டனர்

எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அவருக்குத் தொடக்கத்தில் இல்லை. அது ஆறு வயதுக்குமேல் பள்ளியில் நடக்க வேண்டியது என்றே அன்று எல்லோரும் நம்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எழுத்தறிவு இல்லை. சான் லோரென்ஸோ தாய்மாரில் பலரும் அப்படிப்பட்டவர்களே. அந்தத் தாய்மார்தாம் மரியாவிடம் வந்து நின்று, எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று வேண்டினர். உலகெங்கும் பரவிய ஒரு கல்வி முறையின் எழுத்துப் பாடம், எழுத்தறியாத தாய்மாரின் வேண்டுகோளில் பிறந்தது. இச்செய்தியை அறிந்த நாள் முதல் எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு பன்மடங்கு உயர்ந்துவிட்டது.

மரத்தில் எழுத்துகள் செய்து வாங்க மரியா முயன்றார்; கைகூடவில்லை. ஆகவே உப்புத்தாளை எழுத்து வடிவில் கத்தரித்து வழவழப்பான அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பான எழுத்தின்மேல் குழந்தை விரலால் தடவும். விரல் வழுக்கி வழவழப்பில் விழுந்தால் தவறிவிட்டோம் என்று தானே தெரிந்துகொள்ளும். தடவும்போதே ஆசிரியை அந்த எழுத்தின் ஒலியைச் சொல்வார். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் உணர்கிறது. மூன்று வாயில்கள் வழியாகவும் ஒரே எழுத்து உள்ளே போகிறது.

கற்பிக்கும் படிகளும் மூன்று. இவை செகானிடமிருந்து பெற்றவை. முதற்படியில் இரண்டு மூன்று எழுத்துகளைக் காட்டி, இது இன்ன ஒலி என்று சொல்ல வேண்டும். இரண்டாம் படியில், இன்ன ஒலிக்குரிய எழுத்தை எடுத்துத் தா என்று கேட்க வேண்டும். மூன்றாம் படியில்தான் எழுத்தைக் காட்டி, இது என்ன என்று வினவ வேண்டும். நாம் பெரும்பாலும் இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்து நேரே மூன்றாம் படிக்குப் போய்விடுகிறோம். குழந்தை விழிக்கிறது, நமக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு பக்கம், உலோக வடிவங்களைச் சுற்றிக் கோடு வரைந்து உள்ளே கோடுகளால் நிரப்பும் பயிற்சியால் எழுதுகோல் பிடிக்கும் கை தானே பழகியது. அட்டையில் வெட்டிய தனித்தனி எழுத்துகளை வரிசையாக அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டும் நடந்தது. எழுதும் கை தயார். எழுத்தின் வடிவம் தயார். ஒலியைப் பிரிக்கும் காதும் தயார். ஆனால் எழுது என்று எவரும் சொல்லவில்லை.

1907 டிசம்பர் மாதத்தில் வெயில் காய்ந்த ஒரு நாள். குழந்தைகளோடு மரியா மொட்டைமாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து அங்கே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்த சிறுவன் திடீரென்று பூரித்துப்போய்த் தனக்கு எழுதத் தெரியும் என்று கூவினான். தரையில் கை என்னும் பொருள் தரும் இத்தாலியச் சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர். அடுத்து வந்த நாள்களில் தரை, கதவு, சுவர் எல்லாம் எழுத்துமயம். எந்தச் சுவரைக் காப்பாற்றுவதற்காக அந்த அறை திறக்கப்பட்டதோ, அந்தச் சுவரில் இப்போது சொற்கள் இருந்தன!

எழுதியதற்குப் பின்னரே படிப்பு வந்தது. எழுதும்போது குழந்தைக்குத் தன் மனத்திலுள்ள சொல் முன்பே தெரியும். படிப்பதற்கோ பிறர் மனத்திலுள்ள சொல்லைக் கண்டறிய வேண்டும். மரியா சிறு சீட்டுகளில் பொருள்களின் பெயரை எழுதி வைத்தார். சீட்டைப் படித்தவர் அப்பொருளுக்குரிய பொம்மையை எடுத்து விளையாடலாம் என்றார். குழந்தைகள் சீட்டுகளைப் படித்தனர். பொம்மைகளை எடுக்கவில்லை. இன்னொரு சீட்டு, இன்னொரு சீட்டு என்று கேட்டுக்கொண்டேயிருந்தனர். அறை நிறைய விளையாட்டுப் பொருள் இருந்தும், ஒரு துண்டுக் காகிதத்தில் ஒளிந்திருக்கும் சொல் அவற்றைவிடக் குழந்தைகளைக் கவர்ந்தது. இதை நம் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

புகழும் சோதனையும்

1909இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா சென்றபோது பெருங்கூட்டம் வரவேற்றது. 1915இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை அமைத்துக் குழந்தைகள் பயில்வதை மக்கள் வெளியே நின்று பார்க்கச் செய்தனர். எதிர்ப்பும் வந்தது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914இல் அவர் முறையைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதினார். அதன்பின் அந்நாட்டில் அவர் செல்வாக்கு நீண்ட காலம் மங்கியிருந்தது.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி 1924 முதல் அவர் பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. அவரும் அதை ஏற்றார். இதனைக் குறை கூறுவோர் உண்டு. அதை மறைப்பது வரலாறாகாது. ஆனால் கட்டளைக்குப் பணியும் பிள்ளைகளை உருவாக்க விரும்பிய ஆட்சிக்கும், தானே சிந்திக்கும் பிள்ளைகளை உருவாக்கிய முறைக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. இட்லரின் ஜெர்மனியிலும் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதால், பார்சிலோனாவில் இருந்த வீட்டையும் விட்டு நெதர்லாந்து சென்றார்.

சென்னையில் அம்மையார்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டின் இறுதியில் தம் அறுபத்தொன்பதாம் வயதில் அவர் மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் 300க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார்; மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார்.

சில மாதங்கள் தங்க வந்தவரைப் போர் தடுத்து நிறுத்தியது. 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசுக்கு அவர்கள் பகை நாட்டினர் ஆயினர். மரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தைவிட்டு வெளியே செல்லக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளான 1940 ஆகஸ்டு 31 அன்று, பிறந்தநாள் பரிசாக வைசிராய் மரியோவை விடுதலை செய்தார். அதுவரை உலகத்தார் முன் மகன் என்று சொல்லப்படாமல் இருந்தவரை, அரசின் அந்தச் செய்தி மகன் என்றே குறித்தது. நாற்பத்திரண்டு ஆண்டுக் காலம் வாயடைத்திருந்த ஓர் உறவு நம் சென்னை மண்ணில் வெளிப்படையாயிற்று.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுக் குழந்தைகளுக்கு மலையையும் செடிகொடிகளையும் பாடமாக்கி, அண்டம் முழுவதையும் ஒரே தொடர்பாகக் காணும் கல்வித் திட்டத்தை வளர்த்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே அப்பணியில் உதவினார். 1944இல் கொழும்பிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பிய அவர் 1947இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணிபுரிந்தார். கைக்குழந்தையின் மனம் சூழலை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றலைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1949இல் சென்னை அடையாற்றில்தான் முதன்முதலாக அச்சேறியது.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் நூர்ட்வைக் என்னும் கடற்கரையூரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் இத்தாலி தன் 1000 லிரா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது.

நம் வீடும் தொலைக்காட்சிப் பெட்டியும்

அம்மையார் மறைந்து ஈராண்டு கழித்தே, 1954இல், இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. ஆகவே அதைப்பற்றி அவர் கருத்து இன்னதென்று கூறுவது முறையாகாது. அதே இத்தாலியில் 1960ஆம் ஆண்டு முதல் ஆல்பெர்ட்டோ மன்ஸி என்னும் ஆசிரியர் தொலைக்காட்சி வழியாகவே முதியோருக்கு எழுத்தறிவித்துப் புகழ்பெற்றார் என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் அங்கே கற்றவர்கள் வளர்ந்தவர்கள். ஊர்தோறும் பெட்டியின் முன் அவர்களைக் கூட்டி வைத்து, உடனிருந்து எழுத வைக்க ஆசிரியர்களும் இருந்தனர். தனியாகப் பெட்டியின் முன் உட்கார்த்தப்பட்ட நான்கு வயதுக் குழந்தையின் நிலை வேறு.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அக்கா பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். அக்காவின் ஐந்து வயது மகள் பகலெல்லாம் என் அம்மாவிடம் இருக்கிறாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது அரசு தந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்று அதன் இடத்தில் வேறு பெட்டி இருக்கிறது. போதாததற்குக் கைப்பேசியும் இருக்கிறது. பெட்டி ஓடினால்தான் சோறு இறங்கும். வேலை செய்து களைத்த வீடுகளில் அது ஓர் ஆயாவின் வேலையைப் பார்க்கிறது; அதற்காக யாரையும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை அகர வரிசை முழுவதையும் பாட்டாகப் பாடுவாள். ஆனால் காகிதத்தில் 'ம' என்று எழுதிக் காட்டினால் தெரியாது. காரணம் எளிது. திரையில் எழுத்து தானே ஓடிவருகிறது, தானே குதிக்கிறது, தானே மறைகிறது. குழந்தை செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. கை சும்மா கிடக்கிறது. பாட்டு காதில் தங்குகிறது. வடிவம் எங்கும் தங்குவதில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

ஆண்டு விடுமுறையில் நான் ஓர் உப்புத்தாள் வாங்கி வந்தேன். பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகளில் ட, ப, ம என்னும் மூன்று எழுத்துகளை மட்டும் முதலில் ஒட்டினேன். ஒன்றாம் வகுப்பில் செயல்வழிக் கற்றல் அட்டைகளை எடுத்துக்கொண்டு தரையில் வட்டமாக அமர்ந்து படித்த தலைமுறை நான். அட்டை எனக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இதே வழிதானே! நாள்தோறும் கால் மணி நேரம் மட்டும், பெட்டியை நிறுத்திவிட்டு, மூன்று படிகளையும் வரிசையாகச் செய்தோம். தகர டப்பா நிறைய வெட்டிய எழுத்துகள் சேர்ந்தன. புள்ளி வைத்த எழுத்துகள் சேர்ந்ததும் படம், மடம், பட்டம் என்று அவள் தானே அடுக்கத் தொடங்கினாள்.

இத்தாலிய மொழிக்கு 21 எழுத்துகள். தமிழுக்கு 247 என்று மலைக்க வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் தெரிந்தபின் துணைக்காலைத் தனித்துண்டாக வெட்டி வைத்தால் பா, மா, டா எல்லாம் குழந்தையே உண்டாக்கிக்கொள்ளும். இரண்டு இடங்களில் மட்டும் நாம் நின்று போக வேண்டும். 'மெ' என்னும்போது காதில் முதலில் விழுவது மகரம். எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது. குழந்தை கொம்பைப் பின்னால் வைத்தால் அதன் காது சரியாக இருக்கிறது என்றே பொருள். அடிக்காமல் இடத்தை மாற்றிக் காட்டினால் போதும். அடுத்தது கு, டு, மு போன்ற எழுத்துகள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உருக்கொள்வதால் தனித்தனி அட்டையாகவே தர வேண்டும்.

ஒரு நாள் மாலை நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது வீட்டில் பெட்டி ஓடவில்லை. குழந்தை ஆசிரியையாக அமர்ந்திருந்தாள். எதிரே என் அம்மா. வேலை செய்து காய்த்துப்போன விரலை உப்புத்தாளின்மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டார். பாட்டி நன்றாகப் படிக்கிறாள் சித்தி, பகரம் மட்டும் அடிக்கடி மறந்துவிடுகிறாள் என்று குழந்தை எனக்கு அறிக்கை கொடுத்தாள். இப்போது அம்மா இருபது எழுத்துகளை அடையாளம் காண்கிறார். நியாய விலைக் கடைப் பலகையில் பருப்பு என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்ததை அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்லி வருகிறார்.

நாம் செய்யத்தக்கது

அம்மையாரின் முறை இன்று நம் நாட்டில் பல இடங்களில் அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் அடையாளமாகிவிட்டது. அழகிய மரப்பெட்டிகள், வெளிநாட்டுக் கருவிகள், வண்ணமிகு விளம்பரங்கள். ஆனால் அந்த முறை பிறந்தது, மரத்தில் எழுத்துச் செய்ய வழியின்றி உப்புத்தாளைக் கத்தரித்த ஒரு கையில். வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் நடுவில். அது மீண்டும் அத்தகைய குழந்தைகளிடம் வந்து சேர வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. அட்டை, உப்புத்தாள், கத்தரிக்கோல், கால் மணி நேரம், சினம் கொள்ளாத மனம் ஆகியவையே போதும்.

நம் கல்லூரியில் பயில்வோரில் என்னைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் உள்ளனர். நம் தெருக்களில் பள்ளிக்குச் செல்லவிருக்கும் குழந்தைகளும் உள்ளனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் தோழர், தோழியர் ஆளுக்கு ஒரு கட்டு எழுத்தட்டைகளைச் செய்து எடுத்துச் செல்லலாம். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று ஒரு வரிசை வகுத்துத் தரலாம். முகாம் முடிந்து திரும்பும்போது அட்டைகளை அந்த வீடுகளிலேயே விட்டுவிட்டு வரலாம். நாம் வந்த பிறகும் அங்கே ஒரு விரல் எழுத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

எழுத்தறியாத தாய்மார் கேட்டதற்காக ஒரு மருத்துவர் எழுத்தாசிரியர் ஆனார். நம் வீட்டுத் தாய்மார் கேட்கக்கூடக் கூச்சப்படுகின்றனர். அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.